கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவை

கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவனுக்குத் தெருவில் ஒரு மரியாதையும் கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் சந்திலிருந்து கெடிலம் கரைவரை போய்த் திரும்புவதற்குள் எனக்குப் புத்தி சொல்லாதவர் யாரும் இல்லை. என் நாய் லேசாக உறுமினால், "வெறி புடிச்சதா சார்?" என்பார்கள். அவிழ்ந்து திரியும் தெரு நாய்கள் ஏழெட்டு சேர்ந்து எங்களை வளைத்துக்கொண்டால், "அதுங்க ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா கொலைக்கும்" என்பார்கள். அவர்களில் ஒருவராவது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த நாய்களை அதட்டியது கிடையாது. எனக்குக் கோபம் வரும். வந்த கோபத்தில் கயிற்றை இழுப்பேன். இழுத்ததும் என் நாய் இன்னும் ஜாஸ்தியாகக் குதிக்கும்.

அதை நான் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்தேன். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் அங்கே எனக்கு வேலை. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். கூட வேலை செய்பவர் வீட்டில், சிப்பிப்பாறைக் கலப்பில் குட்டிகள் பிறந்திருந்தன. ஒன்றைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பரங்கிப்பேட்டைத் திருப்பம் தாண்டியதும் பை முனகியது. கண்டக்டர் என்னையும் பையையும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். நாற்பது வயதுக்குமேல், கல்யாணப் பேச்சையெல்லாம் வீட்டில் கைவிட்ட பிறகு, எனக்கென்று வந்த முதல் ஜீவன் அது. அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

வளர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வீட்டுக்குள் அது பசு மாதிரி. கயிறு மாட்டித் தெருவில் இறங்கி, எதிரே ஒரு நாய் வந்தால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தும். ஒருநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டேன். சின்ன வயதுப் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கயித்த எப்டி புடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார். மேஜை மேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

"அதான் சார். கயிறு டைட்டா இருந்தா அதால ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. வேற வழியில்லாம மொதல்ல கத்திடுது. கெட்ட நாய் இல்ல, பயந்த நாய்."

அவர் சொன்னதை அப்படியே செய்தேன். கையில் கயிற்றைச் சுற்றக்கூடாது. தளர்வாக விட வேண்டும். தூரத்தில் வேறு நாய் தெரிந்ததும், நம் நாய் விறைக்கும் முன்பே, பேச்சுக் கொடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட வேண்டும். திரும்பியதும் ஒரு துண்டு பிஸ்கட். எது நடந்தாலும் நாயைத் தூக்கக்கூடாது; தூக்கினால் மற்ற நாய்கள் நம் மேல் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூரம் வேண்டும். வேறு நாயைப் பக்கத்தில் விட்டுவிட்டுப் பாடம் நடத்த முடியாது.

நான் தெருவில் நாயோடு பேசிக்கொண்டு போவதைப் பார்த்துத் தையல் கடைக்காரர் கிண்டல் செய்தார். "என்னா சார், அதுகிட்ட ஆபீஸ் விசயமா?" என்பார். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். மழைக்காலம் முடிவதற்குள் என் நாய் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு கறுப்பு நாயை எதிர்ச்சாரியில் பார்த்துவிட்டு, கத்தாமல், திரும்பி என் முகத்தைப் பார்த்தது. பிஸ்கட்டுக்காகத்தான் பார்த்தது. இருந்தாலும் அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி தயிர்சாதம் வைக்க ஆரம்பித்தார்.

அண்ணி மாடியில் இருக்கிறார். அண்ணன் குவைத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். அவர்கள் பெண் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஆள், பாலைவன ரோட்டில் வண்டியோடு எரிந்துபோனார். துக்கம் கேட்கப் போன அண்ணி, திறக்காத பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுப் பெண் அழுததைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து, அண்ணனின் போன் வரும்வரை அவர் சாப்பிடுவதில்லை. போன் தாமதமானால் மாடியில் நடக்கும் சத்தம் எனக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருக்கும்.

குமராட்சியில் அவர் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜோசியர். அண்ணனுக்கு வண்டியில் கண்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தேய்பிறை அஷ்டமியில் பைரவரைக் கும்பிட்டு, வீட்டு வாசலில் நாய்களுக்குத் தயிர்சாதம் வைக்க வேண்டும், வாசலில் நாய் சாப்பிடும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்றாராம். அஷ்டமிக்கு அஷ்டமி என்று ஆரம்பித்தார். ஆனால் பயம் அஷ்டமி பார்த்தா வருகிறது? அடுத்த மாதமே தினமும் சாயங்காலம், கேட்டுக்கு வெளியே, வாழை இலையில்.

முதலில் இரண்டு வந்தன. பிறகு ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்தன, மார்க்கெட்டிலிருந்து வந்தன. காது கிழிந்த ஒரு செம்பட்டைப் பெட்டை நாய் அவற்றுக்கு நடுவில் வந்து உட்காரும். அது வாய் வைத்த பிறகுதான் மற்றவை வைக்கும். நாளாக நாளாக அது பெருத்துக்கொண்டே போனது. அண்ணியின் சாதத்தில் வயிறு வைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. அவை போகவில்லை. காலையில் நான் கேட்டைத் திறந்தால், அங்கேயே, சந்தின் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். தூரம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கேட்டைத் திறந்ததும் மூக்குக்கு நேரே நிற்கிறவற்றிடமிருந்து தூரத்துக்கு நான் எங்கே போவேன்? குடையை எடுத்துக்கொண்டு போய் விரித்துக் குறுக்கே பிடித்தேன். பிஸ்கட்டைத் தூரமாக வீசிவிட்டு, அவை ஓடும் நேரத்தில் வெளியேறினேன். இரண்டு நாளில் அதையும் கற்றுக்கொண்டன. பாதி பிஸ்கட்டுக்கு ஓடும், மீதி எங்களோடு வரும். என் நாய் மாதக்கணக்கில் கற்ற பாடமெல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று.

அண்ணியிடம் பேசினேன். ஆற்றங்கரையில் போய் வைக்கலாமே, நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன்.

"வாசல்லன்னுதான் சொன்னாரு தம்பி."

"அப்ப கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க அண்ணி. என் நாய் வெளிய எறங்க முடியல."

அவர் கோபப்படவில்லை. என் நாயின் மேல் அவருக்கும் பிரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எலும்பை அதற்கென்று எடுத்து வைப்பவர் அவர்தான். "நீங்க சொல்லி நா நிறுத்தி, அங்க அவுருக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, ஒங்களால தாங்க முடியுமா?" என்று கேட்டார். அவர் கை தயிரைப் பிசைந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் அவை குரைப்பதை நிறுத்தின. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். முன்பெல்லாம் கேட் கிரீச்சிட்டால் ஓடிவந்து குரைக்கும். இப்போது எழுந்திருப்பதுகூட இல்லை. கேட்டைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாலும் ஆடாது. நாங்கள் நடந்தால் கொஞ்சம் இடைவெளி விட்டு எழுந்து பின்னால் வரும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். நடந்தால் வரும். தையல் கடைக்காரரும் கிண்டலை விட்டுவிட்டு, "ஏன் சார் இதுங்க இப்டி வருதுங்க?" என்று கேட்டார். என் நாயும் கத்துவதை விட்டுவிட்டது. முதுகு முடி நிமிர்ந்து, வால் இறங்கி, என் கால் ஒட்டி நடந்தது. தளர்ந்து தொங்கும் கயிற்றில்கூட அதன் நடுக்கம் என் விரலுக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் சொன்னேன். கத்தவில்லை என்றால் முன்னேற்றம்தானே என்று அற்ப ஆசை.

"இல்ல சார். கத்தற நாயக்கூட நம்பிடலாம். கத்தறத நிறுத்திட்டதுன்னா அது வேற ஏதோ முடிவு பண்ணிடுச்சின்னு அர்த்தம்" என்றார். கொஞ்ச நாளைக்கு வெளியே கூட்டிப் போகாதீர்கள், மொட்டை மாடியிலேயே நடத்துங்கள் என்றும் சொன்னார். மாடியில் நடத்தினேன். அது கைப்பிடிச் சுவரில் மூக்கை வைத்து, கீழே உட்கார்ந்திருப்பவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது.

சித்திரையில் அண்ணன் விடுமுறைக்கு வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறார். அண்ணி முகத்தில் சதை போட்டது மாதிரி இருந்தது. மாடியில் நடக்கும் சத்தம் நின்றது. வந்த மறுநாள் சாயங்காலம் அண்ணன் வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். இலையோடு இறங்கிய அண்ணியைப் பார்த்தார். விஷயம் கேட்டுச் சிரித்தார்.

"யாருக்காக வெக்கிற, எனக்கா? நாந்தான் இங்க உக்காந்திருக்கேன்ல. உள்ள எடுத்துக்கிட்டுப் போ."

அண்ணி தயங்கினார். பிறகு, அவர் கண்ணெதிரே இருக்கிறார் என்ற தைரியத்தில், இலையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் வைக்காமல் இருந்தால் இவை தானாகக் கலைந்துவிடும் என்று எண்ணினேன். அன்று இருட்டும்வரை அவை கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தன. மறுநாளும் வைக்கவில்லை. மறுநாளும் கலையவில்லை. செம்பட்டை நாய் மட்டும் எழுந்து வந்து, கேட்டின் அடிக் கம்பியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது.

அதற்கு அடுத்த நாள் பஸ் புதுச்சத்திரத்தில் பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து நான் வந்து இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். சந்துமுனையில் திரும்பினால், அந்தக் கோடியில் எங்கள் வீட்டுக் கேட் திறந்திருக்கிறது. அண்ணன் என் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறார். நாய் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றது, ஒரு ரவுண்டு கூட்டிப் போகலாமென்று எடுத்தேன் என்று பிறகு சொன்னார். அண்ணி தடுத்தாராம். எவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறேன், ஒரு நாயைப் பிடிக்கத் தெரியாதா என்றாராம்.

கயிற்றைக் கையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றியிருந்தார். நாயின் கழுத்து அவர் முட்டியோடு ஒட்டி நின்றது. அவருக்குப் பின்னால் அவை எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக, சோம்பல் முறித்துக்கொண்டு, அவசரமில்லாமல். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டிலிருந்து, அந்த நேரத்துக்கு வெளியே வருபவர் கையில் சாதம் இருக்கும் என்று அவற்றைப் பழக்கியிருந்தோம். அண்ணன் கையில் என் நாய்தான் இருந்தது.

ஓடினால் அவையும் ஓடும். கத்தினால் என் நாய் விறைக்கும். வேகமாக நடந்துகொண்டே, முடிந்தவரை சாதாரணக் குரலில் சொன்னேன்: "அண்ணே, பின்னாடி பாக்காத. கயித்த லூசா வுடு. அப்டியே எங்கிட்ட நடந்து வா."

பின்னாடி பார்க்காதே என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பார்த்தார். பார்த்ததும் கயிற்றைச் சுண்டி இழுத்தார். என் நாய் பின்னங்காலில் எழுந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கத்தலையெல்லாம் ஒரே மூச்சில் கத்தியது. அதற்குள் அவை வளைத்துவிட்டன. அண்ணன் என் நாயைக் காப்பாற்றத்தான் நினைத்தார். குனிந்து, அதைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார்.

நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு அவர் இடுப்பில் ஏறிவிட்டன. செம்பட்டை நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. பையால் அடித்தேன், டிபன் பாக்ஸால் அடித்தேன். தையல் கடைக்காரர் கஜக்கோலோடு ஓடிவந்தார். அண்ணன் கீழே விழுந்தும் நாயை விடவில்லை. விடவும் முடியாது, கயிறு கையைச் சுற்றி இறுகியிருந்தது. மாடியிலிருந்து அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. ராத்திரிக்குப் பிசைந்து வைத்திருந்த தயிர்சாதச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தெருவில் அப்படியே கவிழ்த்தார். அவை அண்ணனை விட்டுவிட்டுச் சாதத்துக்குப் போயின.

தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சிவப்பாகப் போனது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், காயத்தைச் சுற்றியும் போட்டார்கள். அடுத்த ஊசிகளுக்குத் தேதி சொல்லிவிட்டு அங்கிருந்த டாக்டர் கேட்டார்: "கடிச்ச நாய அடையாளம் தெரியுமா? ஒரு பத்து நாளைக்கு அது உயிரோட நடமாடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

அந்த நாள்களைப் போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை. எந்த நாய் ஒழிய வேண்டும் என்று நினைத்தேனோ, அது சாகக் கூடாது என்று இப்போது வாசலில் நின்றேன். அண்ணி மறுபடி இலை வைத்தார். செம்பட்டை நாய் வந்து வாய் வைக்கும்வரை எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வராது. அது தண்ணீர் குடிக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா, நடை கோணுகிறதா என்று பார்த்தேன். மாடி ஜன்னலில் அண்ணன், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. அவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஒருமுறை தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஒருநாள் அது வரவில்லை. மற்றவை சாப்பிடாமல் சுற்றி நின்றன, பிறகு சாப்பிட்டன. மறுநாளும் வரவில்லை. அண்ணி பைரவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நானும் தையல் கடைக்காரரும் ஸ்டேஷன் வரை, மார்க்கெட் குப்பை மேடு வரை தேடினோம். கடைசியில் கெடிலம் பக்கம், சக்கரம் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய டெம்போவுக்கு அடியில் இரண்டு கண் தெரிந்தது. குனிந்தேன். வயிற்றில் குட்டிகள் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. முதல்முறையாக அதைக் கும்பிடலாம் போல இருந்தது. பால் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன்; குடித்தது.

அண்ணன் கால் ஆறிக் கிளம்பிப் போனார். போய் இறங்கியதும் போன் செய்தார். அன்று இரவு அண்ணி வயிறாரச் சாப்பிட்டார். ஜோசியரிடமும் பேசிவிட்டார்போல. பெரிதாக வர இருந்தது காலோடு கழிந்துவிட்டது, சாதம் நிறுத்திய இரண்டே நாளில் என்ன ஆயிற்று பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார். சட்டி போதாமல் குண்டான் வாங்கினார். குட்டிகளும் இப்போது தாயோடு நடந்து வருகின்றன.

என் நாய்க்கும் தொடையில் கடி. அது ஆறிவிட்டது. ஆனால் நான் கயிற்றை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. மெல்லப் பேசி, பிஸ்கட் காட்டி, வாசல்வரை கொண்டுவருகிறேன். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவை உட்கார்ந்திருக்கின்றன. என் நாய் அவற்றைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறது. நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். பிறகு நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது.

நேற்றுக் காலை அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி படியில் இறங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவினார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"கவலப்படாதீங்க தம்பி. இதுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன். நாளையிலேர்ந்து காலையிலயும் வெக்கறேன்" என்றார்.